ஒன்பது தலை உருவத்தை அச்சிட்டுக் கொடுப்பது ஓவியப் பயிற்சியா?

ஊசியும்நூலும்:
பக்கத்து இழையில் கோட்டோவியன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஒன்பது தலை உயர உருவத்தை அச்சிட்டுக் கொடுங்கள், பிள்ளைகள் அதன் மேல் உடை வரையட்டும், ஓவியம் தானாக வந்துவிடும்" என்கிறார். எட்டு வருடமாக உடை வடிவமைப்பு வழியாகத்தான் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுத்தருகிறேன். அந்த அச்சுத்தாளை ஒருநாளும் கொடுத்ததில்லை. தலையின் நீளத்தை அளவாக வைத்தால் வளர்ந்த ஆள் ஏழரைத் தலை உயரம், ஆறு வயதுப் பிள்ளை ஏறக்குறைய ஆறு தலை. ஒன்பது தலை உள்ள ஆளை அந்தப் பிள்ளை எங்கே பார்த்தது?

கோட்டோவியன்:
ஃபேஷன் ஓவியத்தின் மரபே அதுதான் மேடம். உடை விழும் விதம் தெரிய வேண்டும் என்று காலை நீட்டி வரைகிறார்கள். பிள்ளைக்கு உடம்பு வரைய வராது. முதல் நாளே வரையச் சொன்னால் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போய்விடும். உருவம் தயாராக இருந்தால் நிறத்திலும் மடிப்பிலும் கவனம் வைக்கும். குரோக்விஸ், அதாவது உடை வரைய அடியில் வைக்கும் அந்த உடல் உருவம், இல்லாமல் உடை வடிவமைப்பே கிடையாது.

மூன்றாம்கண்:
நண்பர்களே, நோக்கம் வரையக் கற்பதா, உடை வடிவமைக்கக் கற்பதா? அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

ஊசியும்நூலும்:
அது பிரெஞ்சுச் சொல் சார். "குரோக்கி" என்றுதான் உச்சரிக்க வேண்டும். பெயரே தெரியாமல் மரபைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள்.

மடிப்பைப் பற்றிச் சொன்னீர்கள். அச்சுத்தாளில் மடிப்பு எங்கே இருக்கிறது? நான் ஒரு கைக்குட்டையைச் சுவரில் ஒரே ஊசியில் மாட்டுவேன். மடிப்புகள் எல்லாம் அந்த ஒரு புள்ளியிலிருந்து விரிந்து கீழே இறங்கும். அப்புறம் இரண்டு ஊசியில் மாட்டினால் நடுவில் தொய்ந்து ஊஞ்சல் மாதிரி வளையும். ஏழு வயதுப் பிள்ளையும் இதைப் பார்த்தவுடன் பிடித்துக்கொள்கிறது. தோளும் இடுப்பும்தான் அந்த ஊசிகள் என்று அதுவே சொல்கிறது. பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் மதலீன் வியோனே உடையைத் தாளில் தொடங்கவில்லை. சின்ன மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் வடிவம் கண்டார். துணியைத் தொடாத கைக்கு மடிப்பு வராது.

பென்சில்சீவி:
என் பெண்ணுக்குப் பத்து வயது. அச்சிட்ட உருவம் கொடுத்த பிறகுதான் வரையவே உட்கார்ந்தாள். ஒரே மாதத்தில் நாற்பது தாள். அது தப்பா அக்கா?

ஊசியும்நூலும்:
தப்பு என்று சொல்லவில்லை தம்பி. நாற்பது தாளிலும் அந்த உருவம் ஒரே மாதிரிதானே நிற்கிறது? உட்காரவோ குனியவோ இல்லை. உட்கார்ந்தால் பாவாடை என்ன ஆகும் என்று அவள் இன்னும் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

கோட்டோவியன்:
உச்சரிப்பைத் திருத்திக்கொண்டேன், சந்தோஷம்தானே? வாதத்துக்குப் பதில் சொல்லுங்கள். ஓவியர் எல் கிரேக்கோ வரைந்த மனிதர்கள் நீண்டு மெலிந்துதான் நிற்கிறார்கள். அவர் தப்பாக வரைந்தாரா? நீட்டி வரைவதும் கலைதான். 1965-ல் உடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான், ஓவியர் மோந்திரியானின் கட்ட ஓவியத்தையே உடையாக்கினார். ஒரு உருவத்தைக் கொடுத்து அதில் கட்டம் கட்டமாகப் பிரித்து நிறம் போடச் சொல்லுங்கள், பிள்ளைக்கு அமைப்பு, சமநிலை எல்லாம் ஒரு மணி நேரத்தில் புரியும்.

சாக்பீஸ்:
இடையில் ஒன்று சொல்கிறேன். "ஃபேஷன்" என்றவுடன் என் வகுப்புப் பையன்கள் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். விண்வெளி வீரர் உடை, தீயணைப்பு வீரர் உடை என்று மாற்றிக் கொடுத்தேன். பை எங்கே, பூட்டு எங்கே என்று சண்டை போட்டு வரைகிறார்கள்.

பென்சில்சீவி:
பெண் பிள்ளைகளுக்கு மட்டும் கவுன், பையன்களுக்கு விண்வெளியா? நல்ல ஆசிரியர்!

சாக்பீஸ்:
எல்லாருக்கும் ஒரே பாடம்தான் கொடுத்தேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.

ஊசியும்நூலும்:
சாக்பீஸ் செய்தது அருமை. அந்த விண்வெளி வீரருக்கும் ஒன்பது தலை கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

எல் கிரேக்கோ தன் கையால் நீட்டினார். அச்சுத்தாளில் நீட்டியது யார்? பிள்ளை இல்லை. யாரோ நீட்டிக் கொடுத்த உடம்புக்குள் அது நிறம் நிரப்புகிறது. மோந்திரியான் உடையைச் சொன்னீர்களே, அந்தக் கோடுகள் துணிமேல் வரைந்தவை இல்லை சார். தனித்தனித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, உடம்பு வளைவுக்கான தையல்களை அந்தக் கட்டங்களுக்குள்ளேயே மறைத்திருக்கிறார். தட்டையான தாளில் கட்டம் போட்டால் இது எப்படிப் புரியும்? 1911-ல் ஓவியர் சோனியா தெலோனே தன் குழந்தைக்காகத் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார். அவருடைய அரூப ஓவியத்துக்கே அது ஒரு தொடக்கம். அதில் எத்தனை தலை?

கோட்டோவியன்:
போர்வைக்குத் தலை எதற்கு? பேச்சை மாற்றுகிறீர்கள். நீர்வண்ண இழையிலும் இதையேதான் செய்தீர்கள். கறுப்பு வண்ணமே கூடாது என்று மூன்று நாள் பேசிவிட்டுக் கடைசியில் காணாமல் போனீர்கள்.

ஊசியும்நூலும்:
காணாமல் போகவில்லை. நீலமும் பழுப்பும் கலந்து கறுப்பு எடுத்துப் படம் போட்டேன். அதற்கு நீங்கள்தான் பதிலே எழுதவில்லை.

மூன்றாம்கண்:
நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

கோட்டோவியன்:
அந்தப் படத்தில் இருந்தது கறுப்பே இல்லை, கரும்பழுப்பு. அதை அந்த இழையில் பேசிக்கொள்கிறேன். தொழிலில் இறங்கினால் உங்கள் மாணவர்களும் ஒன்பது தலையில்தான் வரைந்தாக வேண்டும்.

ஊசியும்நூலும்:
ஏழு வயதில் யாரும் தொழிலில் இறங்குவதில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை பெரிய தாளில் படுத்துக்கொள்ளும், மற்றவர்கள் சுற்றிக் கோடு இழுப்பார்கள். எழுந்து பார்த்துவிட்டு "நான் இவ்வளவுதானா" என்று கேட்கும். அந்தக் கோட்டுக்குள் தனக்கான சட்டையை அதுவே வரையும். உங்கள் அச்சுத்தாளில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் முதலில்.

கோட்டோவியன்:
ஒன்பது தலைக்குள்தான் இருக்கிறது. நாளை என் மாணவர்களின் படங்களைப் போடுகிறேன், எண்ணிப் பாருங்கள்.