காய்ச்சல்னு போனா காய்ச்சலைப் பாருங்க

மதுரை, திருநங்கை:
போன மழைக்காலத்தில் எனக்கு நல்ல காய்ச்சல். ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. ஆண்கள் வரிசையில் நின்றால் கிண்டல், பெண்கள் வரிசையில் நின்றால் முறைப்பு. ஆதாரில் கிடந்த பழைய பெயரைச் சீட்டில் எழுதி, அதையே சத்தமாகக் கூப்பிட்டார்கள். நான் எழுந்ததும் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கையில்கூட எடுக்கவில்லை. "ஆபரேஷன் எங்கே பண்ணினே?" என்பதுதான் முதல் கேள்வி. "காய்ச்சல் சார், நிக்கவே முடியலை" என்றேன். என்னைக் கேட்காமலே எச்.ஐ.வி. டெஸ்ட் எழுதினார். நோயாளி சம்மதிக்காமல் அதைச் செய்யக்கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. டெங்கு டெஸ்டை நான்தான் கேட்டு வாங்கினேன், டெங்குதான்.

எந்த வார்டில் போடுவது என்று அவர்கள் பேசி முடிக்கும்வரை வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே டிரிப்ஸ் ஏறியது. அங்கே வந்த ஒரு நர்ஸ் தங்கச்சி, "எந்தப் பேரு சொல்லிக் கூப்பிடட்டும்க்கா?" என்று கேட்டு, கேஸ் ஷீட் ஓரத்தில் பென்சிலால் என் பெயரைக் குறித்துக்கொண்டது. அதற்கப்புறம் அந்த ஷிஃப்டில் யாரும் பழைய பெயரைச் சொல்லவில்லை.

தாம்பரம், திருநம்பி:
பிறந்தபோது என்னைப் பெண் என்று எழுதினார்கள், நான் ஆணாக வாழ்கிறேன். எனக்கு அடிவயிற்று வலி. ஸ்கேன் அறை மகளிர் பிரிவில். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், "கூட வந்த ஆம்பளைங்க எல்லாம் வெளிய நில்லுங்க" என்கிறார் ஆயா. பேஷன்ட்டே நான்தான் என்று எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது? எழுந்து வந்துவிட்டேன். இப்போது மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையில்தான் ஓடுகிறது. சின்ன வயதில் 'சரி பண்ண' என்று வீட்டில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அப்படி 'மாற்றும்' சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் சொன்னதே 2022-இல்தான். ஆஸ்பத்திரி வாடையே எனக்கு ஆகாது.

சென்னை, திருநங்கை:
தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நமக்கு அறுவை சிகிச்சை இலவசம், நானே அதில் பயன்பட்டவள். ஆனால் பல்வலிக்குப் போனால் அதே கட்டடத்தில் வேடிக்கைப் பொருளாகிவிடுகிறேன். திருநங்கை, திருநம்பிகளின் உரிமைகளுக்கான 2019 சட்டத்தின் 15-ஆம் பிரிவு மருத்துவப் படிப்பிலேயே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது. சீட்டு எழுதுபவருக்கும் ஆயாவுக்கும் யார் சொல்லிக்கொடுப்பது?

கலெக்டர் தரும் திருநர் சான்றிதழை வைத்து ஆதாரில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிவிடுங்கள், சீட்டிலும் அதுதான் ஏறும்.

தாம்பரம் தம்பி, மாத்திரையை நம்பி இருக்காதே. ஸ்கேனுக்கு எப்போது போகலாம் சொல், நான் கூட வருகிறேன். ஆயாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.