மறு: ஸ்லோ குக்கரில் செய்யும் பார்பிக்யூவுக்கு என்ன சொல்?

> பார்பிக்யூவுக்குப் 'புகைவாட்டு' என்று ஏற்றுக்கொண்டோம். வீட்டுக்குள் ஸ்லோ குக்கரில் செய்தால் 'உள்ளகப் புகைவாட்டு' என்று சொல்லிவிடலாமே?

அன்பு நண்பர்களுக்கு,

'புகைவாட்டு' நல்ல சொல். வெளியே விறகு மூட்டிச் செய்வதற்கு அது அப்படியே இருக்கட்டும். ஆனால் முன்னால் 'உள்ளக' சேர்த்து ஸ்லோ குக்கர் வரைக்கும் இழுப்பது சரிவராது. ஸ்லோ குக்கர் என்பது தாழ்சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும், மூடி போட்ட மின்சாரச் சாடி. அதற்குள் புகையும் கிடையாது, வாட்டலும் கிடையாது. இல்லாத இரண்டைப் பெயரில் வைத்தால், புதிதாகச் செய்கிறவர் சமையலறையில் கரியைப் பற்றவைக்கப் பார்ப்பார். மூடிய அறைக்குள் அது உயிருக்கே ஆபத்து.

இரண்டு முறைக்கும் பொதுவானது ஒன்றுதான். தோள், மார்பு போன்ற உழைத்த தசைகளில் கொலாஜன் என்னும் கெட்டியான இணைப்புப் புரதம் அதிகம். சுமார் 70 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் வைத்திருந்தால் அது இளகி ஜெலட்டினாகும். இறைச்சியின் நடுப்பகுதி 93 பாகையை ஒட்டி வரும்போது முட்கரண்டியால் தொட்டாலே நார்நாராகப் பிரியும். பன்றித் தோள்கண்டம் ஸ்லோ குக்கரின் தாழ்சூட்டில் இந்த நிலைக்கு வர எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். இதுவரை விறகும் மின்சாரமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

அப்புறம்தான் வழி பிரிகிறது. புகைவாட்டில் இறைச்சியின் மேற்பரப்பு காய்ந்துகொண்டே வேகும். ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால், நடுச்சூடு 65 முதல் 75 பாகைக்குள் எங்கேயோ ஏறாமல் மணிக்கணக்கில் அடம்பிடித்து நிற்கும். ஸ்லோ குக்கரில் இந்த அடமே இல்லை. மூடி ஆவியை வெளியே விடுவதில்லை. அதற்கு விலையும் உண்டு. உள்ளே எல்லாம் நனைந்தே இருப்பதால் சூடு கொதிநிலையைத் தாண்டாது. இறைச்சி சிவந்து முறுகும் மெய்லார்ட் வினை விறுவிறுப்பாக நடக்க 140 பாகையாவது வேண்டும். ஆகவே பத்து மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால், சுவையாக, மெத்தென்று, ஆனால் வெளிறிப்போன ஒரு கண்டம் கிடக்கும். தடவிய மசாலாப் பொடியெல்லாம் கரைந்து சாற்றில் மிதக்கும். மேலே பொருக்கு இருக்காது. (ஆங்கிலத்தில் இந்த முறுகிய மேலோட்டை 'bark', அதாவது மரப்பட்டை, என்கிறார்கள். நம் 'பொருக்கு' அதைவிடப் பொருத்தம் என்பது என் கட்சி.)

அதனால்தான் தெரிந்தவர்கள் அங்கே நிறுத்துவதில்லை. இறைச்சியை எடுத்துத் தட்டில் பரப்பி, சாற்றை வடித்துத் தனியே சுண்டக் காய்ச்சி, அதை மேலே பூசி, ஓவனின் மேல்கம்பிச் சூட்டில் சில நிமிடம் காட்டுகிறார்கள். ஓரங்கள் கருகத் தொடங்கும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். சர்க்கரை சேர்த்த பூச்சு என்றால் கண் அகலக்கூடாது. புகை மணத்துக்குப் புகையிட்ட மிளகாய்த்தூளோ, மரப்புகையைக் குளிரவைத்து எடுத்த புகைநீரோ போதும். புகைநீரைச் சொட்டுக் கணக்கில்தான் விட வேண்டும், கூடினால் சாம்பல் கசப்பு. 1895 வாக்கிலேயே கான்சஸ் நகரத்து எர்னஸ்ட் ரைட் அதைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிவிட்டார், எனவே இது ஏதோ நேற்றைய குறுக்குவழி அல்ல.

ஆக, நடப்பது இரண்டு வேலை: முதலில் ஈரத்தோடு அடைத்து வேகவைப்பது, பிறகு உலர்சூட்டில் காட்டுவது. இரண்டாவதற்கு 'வாட்டு' கையிலேயே இருக்கிறது. முதலாவதற்கு நான் முன்வைப்பது 'புழுக்கு'. காற்றோட்டமில்லாமல் சூடும் ஈரமும் அடைபட்டுக் கிடந்தால் புழுக்கம் என்கிறோம். மூடிய சாடிக்குள் நடப்பது அச்சு அசல் அதுதான். வேகவைத்தலுக்குப் புழுக்குதல் என்பது பழைய வினையும்கூட, புதிதாகச் செய்ய வேண்டியதே இல்லை. ஆகவே முறைக்குப் 'புழுக்கிவாட்டு', கருவிக்குப் 'புழுக்கி'.

ஸ்லோ குக்கரை அப்படியே பெயர்த்த 'மெதுசமைப்பான்' எனக்கு ஒட்டவில்லை. எது மெது, சமைப்பவரா கலனா? ஸ்லோ குக்கரின் முன்னோடியாக இர்விங் நாக்சன் 1940-இல் காப்புரிமை பெற்ற கலன் பயறு வேகவைக்க வந்தது. 1971-இல் ரைவல் நிறுவனம் அதைக் கிராக்பாட் என்று விற்றபோதும் பெயரில் இருந்தது 'கிராக்', அதாவது பீங்கான் சாடிதான்; மெதுவல்ல.

---

> 'புழுக்கி' என்றதும் புழு நெளிகிறதே ஐயா! சாப்பாட்டுச் சொல்லுக்கு இது வேண்டுமா? இன்னொன்று: பிரஷர் குக்கரும் ஆவியை அடைத்துத்தானே வேகவைக்கிறது? அதுவும் புழுக்கிதானே?

அம்மா, முதல் கேள்விக்கு எளிய பதில். புழுங்கலரிசி என்று எழுதும்போது யாருக்கும் புழு நினைவுக்கு வருவதில்லை. புழங்கப் புழங்கச் சரியாகிவிடும்.

இரண்டாவது கேள்வி கனமானது. பிரஷர் குக்கரில் அழுத்தத்தால் சூடு 120 பாகை வரை ஏறும்; கொலாஜன் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதுமே இளகிவிடும். ஈரமும் அடைப்பும் அங்கேயும் உண்டு என்பதால் அதைப் புழுக்கி இல்லை என்று தள்ள முடியாது. எனவே கருவிகளைப் பிரித்துவிடுவோம்: ஸ்லோ குக்கர் 'நெடும்புழுக்கி', மற்றது 'அழுத்தப்புழுக்கி'. 'புழுக்கிவாட்டு' இரண்டுக்கும் பொது, ஏனென்றால் எதில் வேகவைத்தாலும் பொருக்குக்காக உலர்சூட்டில் காட்டத்தான் வேண்டும்.

---

> சரி, முறைப்பெயருக்கு என் வாக்கு உண்டு. 'நெடும்புழுக்கி' நாக்கில் கொஞ்சம் இடறுகிறது. ஓவன் வசதி இல்லாதவர், வேகவைத்ததை இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் பிரட்டி எடுத்தால் அது வாட்டு ஆகுமா?

ஆகும். காய்ந்த சட்டியில் படும் பக்கம் 140-ஐத் தாராளமாகத் தாண்டும். சாற்றை மட்டும் அப்போது சட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள், மறுபடி புழுக்கத்துக்கே போய்விடும். சொற்பட்டியலுக்கு என் வரைவு இது, திருத்தம் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்:

புழுக்கிவாட்டு (பெ.): இறைச்சியை மூடிய கலனில் ஈரச்சூட்டில் நார் பிரியும்வரை வேகவைத்து, பின் உலர்சூட்டில் பொருக்கு ஏற்றும் சமையல் முறை. வினை: புழுக்கிவாட்டுதல்.