ஆத்துமா அழியாது என்றால் இயேசு எதற்கு உயிர்த்தெழ வேண்டும்?

கேள்விக்குறி:
நண்பரின் அப்பா அடக்கத்துக்குப் போயிருந்தேன். "ஆத்துமா பரலோகம் போய்விட்டது, அழாதே" என்றே எல்லோரும் அவரிடம் சொன்னார்கள். ஆத்துமா தானாகப் போய்ச் சேரும் என்றால் காலியான கல்லறை எதற்கு? ஆத்துமா அழியாது என்பதைக் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ நாலு நூற்றாண்டு முன்பே சொல்லிவிட்டாரே.

கடுகுவிதை:
நியாயமான கேள்வி. பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது எங்கள் தப்பு. அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் (1 கொரிந்தியர்) 15ஆம் அதிகாரம் முழுக்க உடல் எழுவதைப் பற்றித்தான். விதைப்பது ஒன்று, முளைப்பது இன்னொன்று, ஆனாலும் அதே பயிர் என்கிறார் பவுல். கிறிஸ்துவை "முதற்பலன்" என்கிறார். முதல் கதிர்க்கட்டு ஆலயத்துக்கு வந்துவிட்டால் மீதி அறுவடையும் வரப்போகிறது என்று அர்த்தம். கிறிஸ்து எழவில்லை என்றால் விசுவாசமே வீண் என்றும் பவுலே எழுதுகிறார். அப்புறம், அழாதே என்று சொன்னது தவறு. இறந்துபோன நண்பர் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார்.

கேள்விக்குறி:
உவமை சரி, ஆதாரம்? 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் எனும் பழைய பைபிள் கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு நற்செய்தி 16:8உடன் முடிகிறது. கல்லறைக்கு வந்த பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், அவ்வளவுதான். இயேசு யாருக்கும் தரிசனமாவதில்லை. உயிர்த்த இயேசுவைக் கண்டதாகப் பவுல் சொல்லும் 500 பேரில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

கடுகுவிதை:
அதே பட்டியலில் கேபா (பேதுரு), யாக்கோபு இருவரும் பெயரோடு வருகிறார்கள். கடிதம் கி.பி. 55 வாக்கில், சிலுவைக்கு ஏறத்தாழ 25 வருடம் கழித்து எழுதியது. அந்த 500 பேரில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். விசாரிக்க முடிந்த காலத்தில் எழுதிய பேச்சு அது. இது நிரூபணம் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மாலைநேரம்:
நான் ஆதாரம் பேச வரவில்லை. அம்மாவின் ஆள்காட்டி விரலில் தையல் ஊசி ஏறிய தழும்பு இருந்தது. பெட்டியை மூடும் முன் அதைத் தடவிப் பார்த்தேன். "ஆத்துமா போய்விட்டது" என்ற வார்த்தையில் அந்த விரலுக்கு இடமே இல்லை. பிறகு யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தை வாசித்தேன். இயேசு உயிர்த்த பிறகும் ஆணிக் காயங்கள் அப்படியே இருக்கின்றன, சீடர் தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். இங்கே பட்டதெல்லாம் துடைத்து எறியப்படவில்லை. அதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்விக்குறி:
உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் அதே அதிகாரத்தில் மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்றுதானே நினைக்கிறாள்? லூக்கா 24இல் எம்மாவு என்ற ஊருக்குப் போன இரு சீடர்களும் அவரோடு கூடவே நடந்தும் அறியவில்லை. அவர்களுக்கே அடையாளம் தெரியாதபோது நீங்கள் எப்படி அம்மாவை அறிவீர்கள்?

மாலைநேரம்:
முகத்தை வைத்து அறியாமல் போகலாம். மரியாளும், இயேசு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதானே அறிந்தாள்? அம்மா என் பெயரின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துக் கூப்பிடுவார். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.