ஏ.டி.எச்.டி பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு யோசனை தேவை
ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து அம்மாமாருக்கு வணக்கம். ஏ.டி.எச்.டி என்றால் கவனம் ஒரு இடத்தில் நிற்காத, அளவுக்கு மீறித் துள்ளுகிற நிலை. அதற்குக் கொடுக்கிற மெதைல்ஃபெனிடேட் என்ற மருந்தை எடுக்கிற பிள்ளைகள் பலருக்குப் பகலில் பசிக்காது; சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வரும். அதனால் குளிசைக்கு முன்னமே வயிறு நிறையக் கொடுத்துவிட வேணும். மருந்தின் வேகம் குறையும் பின்னேரத்தில் பசி திரும்பும். அப்போ சோறு, பருப்பு, நெத்தலி. பிளேன்டீயைச் சாப்பாட்டோடு கொடுத்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் கொடுங்க. (சீனிதான் துள்ளலுக்குக் காரணம் என்பது ஆய்வுகளில் நிற்காத கதை. சாயம் போட்ட இனிப்பு சில பிள்ளைகளைக் கொஞ்சம் கிளப்பும்.)

கேள்வி இதுதான்: விடியக் கொழுந்து பறிக்கப் போகிற அம்மா இராத்திரியே செய்து வைக்கக்கூடிய, ஆறினாலும் விறைக்காத, முட்டையோ கடலையோ சேர்ந்த சாப்பாடு என்ன? வெறும் கோதுமை ரொட்டி காலையில் தோல் மாதிரி ஆகிவிடுது. மா, தேங்காய்ப்பூ அளவோடு எழுதுங்க. மருந்தின் அளவை மட்டும் இங்கே யாரும் சொல்ல வேண்டாம்; அதைக் கிளினிக் டொக்டர் பார்ப்பார்.