ரிசல்ட் நாளில் ஊரில் நிற்காதீர்கள்

லண்டன் பக்கம் புதிதாக வந்து, ஏ-லெவல் படிக்கிற பிள்ளை வைத்திருக்கும் நம்மூர்ச் சனத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். ஓகஸ்டில் பள்ளிக்கூட விடுமுறை, நல்லூர்த் திருவிழாவும் அந்த நேரத்தில்தான், சரி என்று எல்லோரும் யாழ்ப்பாணத்துக்கு ரிக்கெற் போட்டுவிடுகிறோம். ஏ-லெவல் பெறுபேறு வருவதும் ஓகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை. இது தெரிந்தும் போனோம்.

இங்கே காலை 8 மணி என்றால் ஊரில் மதியம் 12.30. கொக்குவில் வீட்டில் சோறு போட்டு வைத்துக்கொண்டு கூப்பிடுகிறோம், மகள் அறையை விட்டு வரவில்லை. முதல் தெரிவாக வைத்திருந்த பல்கலைக்கழகம் கேட்டது ஏ ஏ பி, வந்தது மூன்று பி. காப்புக்கு வைத்திருந்த இரண்டாவது இடம் ஏ பி பி கேட்டிருந்தது. இரண்டும் போய்விட்டது. காப்புத் தெரிவு என்றால் முதல் தெரிவை விட நன்றாகக் குறைத்துக் கேட்கிற இடமாக இருக்க வேண்டும், ஒரு கிரேட் வித்தியாசத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது எங்கள் மடைத்தனம்.

அப்பம்மா, “அழாதை பிள்ளை, அடுத்த முறை எடுக்கலாம்” என்றா. எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. நாங்கள் வளர்ந்தது அப்படி: ஊரில் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் ஸ்கோர் வெட்டுப்புள்ளி தசமத்தில் தவறினாலும் தவறினதுதான், கம்பஸுக்குப் போன் எடுத்து ‘கொஞ்சம் பாருங்கோ’ என்று யாரும் கேட்க முடியாது, செகண்ட் ஷைக்கு, அதாவது இரண்டாம் முறை பரீட்சை எடுக்க, மறுபடி ரியூசன் கொட்டிலுக்குப் போக வேண்டியதுதான். இங்கே அந்த வியாழக்கிழமைதான் பேச்சுவார்த்தையே தொடங்குகிறது. கிரேட் குறைந்தாலும் பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே எடுத்துக்கொள்வதுண்டு, அதனால் பெறுபேற்றைப் பார்த்து அழுவதற்கு முன் பல்கலைக்கழக விண்ணப்பம் போட்ட யூகாஸ் தளத்தில் பிள்ளையின் கணக்கைத் திறந்து பாருங்கள். சில வேளை வேறு பாடநெறி தருகிறோம் என்றிருக்கும், அதைப் பிள்ளை ஏற்க வேண்டும். ஒன்றும் மாறாமல் அப்படியே இருந்தால் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம், உடனே போன் எடுக்க வேண்டும். இரண்டு இடமும் இல்லை என்றால் கிளியரிங், அதாவது மிஞ்சிய இடங்களுக்கான ஓட்டம்.

போன் எடுக்க வேண்டியது பிள்ளைதான். நான் அப்பன் என்ற உரிமையில் எடுத்தேன், மறுமுனையில் இருந்த பெண் மிக மரியாதையாக, “உங்களோடு பேச எங்களுக்கு அனுமதி இல்லை” என்றா. விண்ணப்பத்தில் ‘என் சார்பில் இவர் பேசலாம்’ என்று ஒருவரின் பெயரைக் கொடுக்கிற பகுதி இருக்கிறது, நாங்கள் அதை வெறுமையாக விட்டிருந்தோம். பெயர் கொடுத்திருந்தாலும் கிளியரிங்கில் பிள்ளையின் வாயால் கேட்கத்தான் விரும்புவார்கள். அழுது முடித்து, முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு மகள் பின்னேரம்தான் தொடங்கினாள். ரோமிங் காசு எரிகிறது, இடையில் கரண்ட் வேறு போய்விட்டது. நாலாவது அழைப்பில் ஒரு இடம் வாயால் கிடைத்தது. வாயால் எத்தனை இடமும் கேட்கலாம், ஆனால் யூகாஸில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சேர்க்கலாம், அதுவும் அவர்கள் சேர் என்று சொன்ன பிறகு. பதற்றத்தில் கையிலிருக்கும் இடத்தை விடுவிக்கிற பொத்தானை மட்டும் அமத்திவிடாதீர்கள், அதைத் திரும்ப எடுக்க ஏலாது.

மீள்பரிசீலனைக்குக் கொடுப்பதென்றால் பள்ளிக்கூடம் ஊடாகத்தான், பல்கலைக்கழக இடம் தொங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு விரைவாகப் பார்க்கிற முறை ஒன்று உண்டு, அதற்கான நாள் கெதியில் முடிந்துவிடும். புள்ளி இறங்கவும் கூடும், தெரிந்துகொண்டே போடுங்கள். போட்டதைப் பல்கலைக்கழகத்துக்கும் சொல்லி வையுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொரு இடி கட்டணம். வேலை விசாவில் வந்த குடும்பத்துப் பிள்ளை இங்கே ஏ-லெவல் படித்தாலும் உள்ளூர்க் கட்டணம் தானாகக் கிடைத்துவிடாது, விசாவையும் இங்கே இருந்த வருடங்களையும் பார்ப்பார்கள். கிளியரிங்கில் இடம் மாறினால் புது இடமும் அதைத் தானே பார்த்து முடிவு செய்யும். ஓம் சொல்வதற்கு முன் கேளுங்கள். மாணவர் கடன் விண்ணப்பத்திலும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் புது இடத்துக்கு மாற்ற வேண்டும்.

ஊரிலிருந்து நேரே மாணவர் விசாவில் வரப் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு: பல்கலைக்கழகம் கேட்ட நிபந்தனை நிறைவேறாமல், விசாவுக்காக அவர்கள் தருகிற காஸ் என்ற அனுமதி உறுதி வராது. முற்பணம் கட்டும் முன், கிரேட் குறைந்தால் அது திரும்பி வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், முகவர் வாயால் சொல்வது செல்லாது.

மகள் இப்போது இரண்டாம் வருடம். இளையவனுக்கு அடுத்த வருடம் ரிசல்ட், தேருக்கு மனைவி மட்டும் போகிறா.