டாக்டர் நவ்: திரையில் பார்த்ததும் உடம்பில் பட்டதும்

2019-ல் எனக்கு ஸ்லீவ் ஆபரேஷனுக்கு (எடை குறைய இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவது) தேதி குறித்த வாரத்தில்தான் டாக்டர் நவ்வின் நிகழ்ச்சியை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். யூனான் நவ்ஸரடான் என்பது முழுப் பெயர். 1944-ல் தெஹ்ரானில் பிறந்து, 1970-ல் அங்கேயே மருத்துவம் முடித்து, அமெரிக்கா வந்து டெக்சாஸின் ஹூஸ்டனில் தங்கிவிட்டவர். 2012-ல் டி.எல்.சி. என்ற அமெரிக்க சேனலில், மிக அதிக எடை உள்ளவர்களுக்கு அவர் சிகிச்சை செய்வதைக் காட்டும் 'மை 600-எல்பி லைஃப்' தொடங்கியபோது அவருக்கு 67 வயது. மற்றவர்கள் பென்ஷன் வாங்கும் வயதில் மனிதர் டி.வி. நட்சத்திரம் ஆனார்!

600 பவுண்டு என்றால் சுமார் 272 கிலோ. நோயாளி எங்கிருந்தோ வண்டியில் படுத்தபடி ஹூஸ்டன் வருவார், வழியில் பர்கர் கடையில் ஒரு நிறுத்தம் இருக்கும். அப்புறம் எடை மேடை. டாக்டர் வந்து 1200 கலோரி சாப்பாட்டுத் திட்டத்தைக் கொடுத்து, இத்தனை பவுண்டு குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு ஆபரேஷனைப் பார்க்கலாம் என்பார். அடுத்த முறை எடை ஏறியிருக்கும். உடம்பில் நீர் கோத்துக்கொண்டது என்பார் நோயாளி. டாக்டர் புருவத்தைக்கூட உயர்த்தமாட்டார்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு, குறைக்கத் தெரிந்தால் இவரிடம் ஏன் வருகிறார்கள் என்று எனக்குக் கோபம் வரும். பிறகு என் டாக்டரும் இரண்டு வாரம் கஞ்சி மாதிரி புரோட்டீன் பானம் மட்டும்தான் என்றார். நான்காம் நாள் நடு இரவில் ஃப்ரிட்ஜைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். டயட்டீஷியனிடம் "எல்லாம் சரியாகத்தான் போகிறது" என்றேன். நீர் கோத்த கதையைச் சொல்லாதது ஒன்றுதான் பாக்கி.

காரணத்தை அந்த அம்மாதான் பொறுமையாக விளக்கினார். கல்லீரலின் இடது மடல் இரைப்பைக்கு மேல் கிடக்கிறது. கொழுப்பு ஏறிய கல்லீரல் பெருத்து, கொழகொழவென்று இருக்கும். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையை வெட்ட வேண்டும், அப்போது கிழிந்தால் ரத்தம். மாவுச்சத்தைக் குறைத்து இரண்டு வாரம் இருந்தாலே அது சுருங்கும். என் வைராக்கியத்துக்கு வைத்த பரீட்சை என்று நினைத்தேன். பாதி என் கல்லீரலுக்கு வைத்தது.

* * *

மேலே எழுதியவர் வேறு, நான் டெக்சாஸில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டாக்டர் நவ்வோடு வேலை பார்த்ததில்லை, ஆனால் 230 கிலோ நோயாளிகளைப் புரட்டியிருக்கிறேன். ஆறு பேர் வேண்டும். சாதாரண மேஜை போதாது. மல்லாக்கப் படுத்தாலே மூச்சு திணறும், மயக்க மருந்து டாக்டரின் முகத்தைப் பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடுமோ என்ற பயம் வேறு.

இவ்வளவு எடையோடு வருபவர்களை, ஆபத்து அதிகம் என்று பல சர்ஜன்கள் தொடமாட்டார்கள். அவர் தொட்டார். டி.வி. பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தொடருக்கு முன்பே அவர் வந்த 'ஹாஃப் டன் மம்' ஆவணப்படத்தில் காட்டப்பட்ட நோயாளிப் பெண் 2007-ல் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்துக்குள் மாரடைப்பில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் அப்படிப்பட்டவர்களை எடுத்துக்கொண்டார். துணிச்சல் என்பதா, பிடிவாதம் என்பதா தெரியவில்லை. என்னால் முடியாது.

* * *

நான் மூன்றாவது ஆள், எனக்கு இந்த நிகழ்ச்சியே ஆகாது. ஒவ்வொருவரையும் குளிக்கும்போது படம்பிடிப்பதில் என்ன மருத்துவம் இருக்கிறது? தயாரிப்பாளர்களில் ஒருவர் டாக்டரின் மகன். 2020-ல் பங்கேற்றவர்கள் சிலரும், இறந்துபோன ஒருவரின் குடும்பமும் தயாரிப்பு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். மனநல உதவி ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பது அதில் ஒரு புகார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முதல் சீசனில் நான்கு பேரை ஏழு வருடம் பின்தொடர்ந்தார்கள். குறைந்தது, ஏறியது, தொங்கும் தோலை வெட்டியது, வீட்டுச் சண்டை எல்லாம் அதில் வந்தது. பிந்தைய எபிசோடுகளில் ஏறக்குறைய ஒரு வருடம்தான். முதல் வருடம் எல்லோருக்கும் குறையும், என் அண்ணிக்கும் குறைந்தது.

* * *

முதலில் எழுதியவள்தான் மறுபடி வருகிறேன். அண்ணி விஷயம் என்னைக் குத்திவிட்டது. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் சுரப்பதும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். முதல் எட்டு மாதம் எனக்குப் பசி என்பதே மறந்துபோனது. அரை இட்லியில் நிறைந்துவிடும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, பி12 மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. 34 கிலோ போனது.

மூன்றாம் வருடம் பசி திரும்பி வந்தது. பசிகூட இல்லை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மிக்சர் டப்பா கூப்பிடும், அவ்வளவுதான். 9 கிலோ ஏறிவிட்டது. செக்கப்பில் அதே டயட்டீஷியன் கேட்டார். நீர் கோத்திருக்கும் என்று வாய் வரை வந்தது. நானே சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். அப்புறம் மிக்சரைப் பற்றிச் சொன்னேன்.