புதுப்பிப்பு: கட்டியை மட்டும்தான் எடுத்தேன்

எனக்கு மார்பகப் புற்றுநோய்: இடது மார்பில் 1.4 செ.மீ. கட்டி, ஆரம்ப நிலை. மார்பை முழுசாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் வைத்துக்கொள்வதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

அத்தை "வேரோட எடுத்துடும்மா, நிம்மதியா இருக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அதே பயம்தான். டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976-இல் தொடங்கிய ஆய்வில், 20 வருடம் கழித்துப் பார்த்தும் இரண்டு வழியிலும் உயிர் பிழைத்தவர்கள் அளவு ஒன்றுதானாம். அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்கத்தான் ரேடியேஷன். அதைத் தவிர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அத்தை அன்று இரவே மனசு மாறினார்.

ஆபரேஷனில் நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேர்ந்த இரண்டு நெறிகளை (நிணநீர்க் கணுக்களை) மட்டும், நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குளிலிருந்து எடுத்தார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதும் பதறிவிட்டேன். சாயம்தான் வெளியேறுகிறது என்றார் நர்ஸ். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

ரிப்போர்ட் வந்துவிட்டது: எடுத்த பகுதியின் ஓரங்களில் புற்றுநோய் இல்லை, நெறியில் பரவவில்லை. ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும் வகை) என்பதால், அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை 5 வருடம். ரேடியேஷன் 15 நாள், சனி ஞாயிறு லீவு. இன்று ஆறாவது. தோல் லேசாகச் சிவந்திருக்கிறது, மதியத்துக்கு மேல் அசதி. பருத்தி உள்ளாடைதான் ஒத்துவருகிறது.

டமாக்சிஃபென் சாப்பிடும் அக்காமார் இருந்தால், அதனால் திடீரென வரும் உடம்புச் சூட்டை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.